இலத்தூர் லேப்டாப்பில் குற்றால எண்ணெய்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டிருக்கிறார். ஆகவே இது நீளமாகப் போனால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் ஃபேனை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது, எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், பின்னணியில் சங்கீதம் வேறு. ஆனால் அந்த வீடியோக்களில் ஒரு மேசை இருக்கும், ஒரு லேப்டாப் இருக்கும், இரண்டு கைகள் இருக்கும். வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் போகப் போகிற வீடுகளில் மாமனார் இருப்பார், மாமியார் இருப்பார், குற்றாலம் சீசன் என்றால் கோவில்பட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் படுத்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போக வேண்டும். நான் பேசப் போவது அந்தத் தாண்டுகிற இடத்தைப் பற்றி.

தென்காசியில் வீடு தேடிப் போய் லேப்டாப் பார்க்கும் வேலையை நான் ஆரம்பித்தபோது, கதவைத் திறக்கிறவர்கள் என் தலைக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் வரலியா?" என்பார்கள். "வந்திருக்காரு, உள்ள விடுங்க" என்பேன். பெண்ணாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. ஆண்களை முன்கூடத்தோடு நிறுத்துகிற வீடுகளில் என்னை அடுக்களை வரைக்கும் விட்டுவிடுவார்கள். பல மெஷின்களின் நோய் அடுக்களையில்தான் தெரியவரும். இதை உங்களில் இருக்கும் பெண்பிள்ளைகள் மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

தேரடிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருந்தார். லேப்டாப் ஃபேன் இரைகிறது என்று கூப்பிட்டார். போனேன். லேப்டாப்பை ஒரு தடித்த துவாலையை மடித்து அதன்மேல் வைத்திருந்தார். குழந்தையைக் கிடத்தியது போல அவ்வளவு பாந்தமாக. ஃபேன் மூச்சுவிட வழியில்லாமல் கதறிக்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பைத் தூக்கினேன், துவாலையை உருவினேன், மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் வாத்தியார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் வேலை செய்வதைப் பார்ப்பதற்காக மேல்மாடியிலிருந்து மகளைக் கூப்பிட்டிருந்தார். அந்தப் பெண் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் பையைத் திறந்தேன், லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன், உள்ளே இருந்த தூசியை இருவருக்கும் காட்டினேன், துடைத்து மூடினேன். அப்பாவும் மகளும் திருப்தியாக வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். துடைத்ததிலும் நட்டமில்லை, அந்த மெஷினுக்கு அது தேவைதான்.

இனி இலத்தூர் வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் நான் பட்ட நெருக்கடிகளில் அதுதான் பெரியது. மெஷின் சின்னது, கோளாறும் சின்னது.

சாரல் நன்றாக இறங்கியிருந்த சமயம். உமா என்ற பெண் போன் செய்தாள். "அக்கா, லேப்டாப் ஃபேன் உறுமுது. மூணு மணிக்கு மீட்டிங். நீங்க வரலன்னா நான் பெங்களூருக்குத்தான் போணும்."

"ஒரு ஃபேன் மாத்த பெங்களூர் எதுக்கும்மா?"

"ஃபேனுக்கு இல்லக்கா. நானே போணும்."

அவள் சொன்ன கதை இதுதான். புருஷன் சவுதியில். இவள் சின்னப் பெண்குழந்தையோடு இலத்தூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். பெங்களூரில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச வேண்டிய வேலை. அவர்களில் ஒருவர், இவள் பேசும்போது பின்னால் மாவு மில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டார். மேலதிகாரிக்கு மானம் போய்விட்டது. இன்று மூன்று மணிக்கு அதே வாடிக்கையாளரோடு பேச்சு. இன்றும் சத்தம் வந்தால், அடுத்த மாதத்திலிருந்து பெங்களூர் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை. விட்டுவிட்டுப் போக மனமில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை அது.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எண்ணெய் வாசனை. அடுக்களை எண்ணெய் இல்லை, ஐந்தருவிப் பக்கம் கடைகளில் பாட்டிலில் விற்கிறார்களே, அந்த மூலிகை எண்ணெய். உமாவின் மாமனார் மாடசாமி அண்ணாச்சிக்கு வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகு சீசன் வியாபாரம். ஐந்தருவியில் மங்குஸ்தான், ரம்புத்தான் விற்பார். அவருடைய அக்கா குடும்பம் கோவில்பட்டியிலிருந்து சீசனுக்கு வந்து, தினமும் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வந்து, வீட்டில் இருந்த நாற்காலிகள் அத்தனையிலும் ஈரத்துணி போட்டிருந்தது. உட்கார இடமில்லாததால் எல்லோரும் கூடத்தில் படுத்திருந்தார்கள்.

உமாவின் அறையில் ஒரு மேசை, அதில் லேப்டாப். எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு தையல் மிஷின். அது மாமியார் ஆவுடையம்மாளுடையது. ஊரில் பாதிப்பேருக்கு அந்த அம்மாள்தான் ரவிக்கை தைக்கிறாள். கதவு உள்ள அறை வீட்டில் அது ஒன்றுதான் என்பதால், மாமியாரும் மருமகளும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொள்வதில் இருவருக்கும் சௌகரியம் என்று எனக்குத் தோன்றியது. நான் போய்ச் சேர்ந்ததும், "தண்ணி வேணுமான்னு அக்காட்ட கேளுங்க" என்று மருமகள் மாமனாரிடம்தான் சொன்னாள். மாமியார் பக்கத்திலேயே சொம்போடு நின்றாள்.

லேப்டாப்பைப் போட்டேன். ஃபேன் முதலில் முனகியது, பிறகு உறுமியது. காற்று வெளியே வரும் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தேன். சூடாகக் காற்று வந்தது. முகர்ந்து பார்த்தேன். நான் லேப்டாப்பில் கருகிய பிளாஸ்டிக் முகர்ந்திருக்கிறேன், காப்பி முகர்ந்திருக்கிறேன், செத்த பல்லி முகர்ந்திருக்கிறேன். குற்றால எண்ணெயைக் கொதிக்க வைத்த வாசனை அதுவரை முகர்ந்ததில்லை. உடனே அணைத்துவிட்டேன்.

திருப்பிப் பார்த்தால் அடிமூடியின் ஸ்க்ரூக்களில் கீறல். ஓரத்தில் ஒரு நீள ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடம் காலி.

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நமக்கு முன்னால் யாரோ மெஷினைத் திறந்திருக்கிறார்கள். அந்த யாரோ இதே வீட்டில், காது கேட்கிற தூரத்தில் இருக்கிறார். நம் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் "யார் திறந்தது?" என்று கேட்டால் அத்தோடு தீர்ந்தது. வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோரும் அந்த லேப்டாப்பை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் ஆகிவிடுவார்கள். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் தலைக்கு எண்ணெய் தேய்க்காத ஆள் நான் மட்டும்தான்.

நான் கேட்கவில்லை. என் பின்னால் நின்ற உமா கேட்டுவிட்டாள். "யாரு இதத் தொறந்தது?" என்று வீடு அதிரக் கேட்டாள். அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. உமா என் காதருகே குனிந்தாள்.

"அத்தைதான்க்கா. நான் வேலை பாக்குதது அவியளுக்கு மொதல்லயிருந்தே புடிக்கல. மெஷின் போச்சுன்னா வேலையும் போயிரும்லா. வேணும்னே செஞ்சிருக்காவ."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. நெடுநாள் நினைத்து வைத்திருந்ததைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். ஃபேன் பார்க்க வந்த இடத்தில் ஒரு குடும்பம் பிரிவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மூடியைக் கழற்றினேன். ஃபேனின் இறக்கைகள் முழுக்க எண்ணெய். அதில் பஞ்சும் தூசியும் ஒட்டிக் களிம்பாகியிருந்தது. அதைத் துடைத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. பெரிய காரியம், காணாமல் போன அந்த ஸ்க்ரூ. அது வெளியே எங்காவது கிடந்தால் வேறு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே, மதர்போர்டுக்கு அடியில் நழுவி எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தால், இதுவரை தப்பித்தது அதிர்ஷ்டம், அடுத்து லேப்டாப்பைப் போடும்போது மொத்தமும் போய்விடலாம். குலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை. எண்ணெயில் ஒட்டியிருந்தால் சத்தம் வராது. போர்டு முழுவதையும் கழற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மூன்று மணியைத் தாண்டிவிடும். தேடாமல் போட்டால் வேலை, மெஷின், மாமியார் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும்.

திறந்த ஆளுக்குத்தான் ஸ்க்ரூ எங்கே என்று தெரியும். ஆகவே கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "யாரு தொறந்தாங்கிறது எனக்கு வேண்டாம். தொறந்தது நல்லதுக்குத்தான் இருக்கும். ஒரு ஸ்க்ரூவக் காணல. அது வெளிய இருக்கா, உள்ள விழுந்துட்டான்னு மட்டும் தெரிஞ்சா போதும், உமாவோட மீட்டிங்கக் காப்பாத்திரலாம்."

பின்வாசலில் பழக்கூடை கட்டிக்கொண்டிருந்த மாடசாமி அண்ணாச்சி எழுந்து வந்தார். கையைத் துண்டில் துடைத்தார். "நான்தான் தொறந்தேன்" என்றார்.

உமாவே திடுக்கிட்டுப் போனாள். நான் பவ்வியமாகக் கேட்டேன். "எத வச்சு அண்ணாச்சி தொறந்திய?"

"கத்திய வச்சு."

"எந்தக் கத்தி?"

"பலாப்பழம் அறுக்குத கத்தி."

அந்தக் கத்தி பின்வாசலில்தான் கிடந்தது. என் முழங்கை நீளம். ஸ்க்ரூவின் தலை அரிசி மணி அளவு.

"எண்ணெய எங்கன விட்டிய?"

"மேலதான். எழுத்தெல்லாம் இருக்குல்லா, அது மேல."

கீபோர்டைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துபோய் இருந்தது.

"சரி அண்ணாச்சி. கழட்டின ஸ்க்ரூ எங்க?"

"காத்துல போயிட்டு."

செங்கோட்டைக் கணவாய்க் காற்று பலமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கதவு சாத்திய அறையிலிருந்து ஒரு ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போகிற அளவுக்கு அது விவரமானது இல்லை. ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அவர் கண் அடுக்களை வாசலுக்குப் போய் வந்தது. அவர் பொய் சொல்கிறார் என்பது தெரிந்துவிட்டது, யாருக்காக என்பதும் தெரிந்துவிட்டது. மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் அவருடைய நல்ல மனதை வைத்து லேப்டாப்பைப் போட முடியாது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. கேட்காமல் சும்மா நின்றேன். இந்தத் தொழிலில் சும்மா நிற்பதும் ஒரு வேலை. கை பரபரக்கிறவர்களுக்கு அது வராது.

அடுக்களையிலிருந்து ஆவுடையம்மாள் வெளியே வந்தாள். கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது.

"அவியளுக்கு மிக்ஸி மூடியே தொறக்கத் தெரியாது. நான்தான் தொறந்தேன்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "பலாக் கத்தியாம்ல. சொல்லுதத நம்புத மாதிரியாவது சொல்லப்பிடாதா?" என்றாள். அண்ணாச்சி பழக்கூடைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆள் ரொம்பவும் நிம்மதியடைந்தது முதுகிலேயே தெரிந்தது.

ஆவுடையம்மாள் எங்களோடு அறைக்குள் வந்து, தையல் மிஷினின் இழுப்பறையிலிருந்து ஒரு லைனிங் துணியை எடுத்து மேசையில் விரித்தாள். அதில் ரவிக்கைக்கு அளவு குறிக்கும் சாக்பீஸால் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அப்படியே வரைந்திருந்தாள். எந்த ஸ்க்ரூ எந்த மூலை என்று இடம் தவறாமல் புள்ளி வைத்திருந்தாள். ஓரத்துப் புள்ளியில் ஒரு நீள ஸ்க்ரூ, நழுவிவிடாமல் நூலால் துணியோடு ஒரு தையல் போட்டு நிறுத்தப்பட்டிருந்தது.

"திருப்பி மூடுதப்ப பாப்பா எந்திரிச்சு அழுதா. அவசரத்துல இதவிட்டுட்டு மூடிட்டேன். பெறகு மாட்டலாம்னா, இவ அத விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குதா" என்றாள். மருமகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

உமா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அத்தை?" என்றாள். அன்றைக்கு அவள் மாமியாரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"மாவு மில்லு ஓடுதான்னு கேட்டாவல்லா. எம் மிஷின் சத்தம்தான் போலன்னு, நீ பேசுத நேரமெல்லாம் நான் மிதிக்காமச் சும்மா உக்காந்திருந்தேன். அப்பவும் சத்தம் கேக்குதுன்னு சொன்ன. பெறகுதான் இதுக்குள்ள கெடந்து கத்துதுன்னு தெரிஞ்சுது. கத்துனா எண்ணெ விடுததுதான. மிஷின் எண்ணெ தீந்துபோச்சு. மதினி வச்சிருந்த எண்ணெதான் இருந்துச்சு. மூட்டுவலிக்கே கேக்குது, இதுக்குக் கேக்காதான்னு, தையல் மிஷின் திருப்புளியால தொறந்து விட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா தொட விடுவியாட்டி?"

ஆவுடையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "நீ பெங்களூருக்குப் போயிட்டா நான் இங்கன யார் கூட இருக்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். பாப்பாவைப் பிரிவதைப் பற்றித்தான் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் பாப்பா பேச்சையே எடுக்கவில்லை.

சந்தேகம் ஒருமுறை நுழைந்துவிட்டால் அவ்வளவு லேசில் வெளியே போகாது. உமா குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள். "உங்களுக்கு என்னக்கா தோணுது? வேணும்னே செஞ்சிட்டு இப்போ சமாளிக்குதாவளா?"

இப்படிக் கேட்பார்கள். நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள். நமக்கு அந்த வீட்டின் பழைய கணக்கு வழக்கு எதுவும் தெரியாது. யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அருகதை இல்லை. மெஷின் என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொல்லலாம். நான் அந்தத் துணியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான் எவ்வளவோ பேரு தொறந்த மெஷினப் பாத்தாச்சு. ஸ்க்ரூவத் தட்டுல கொட்டி வைப்பாங்க, தரையில உருட்டிவிடுவாங்க. நம்ம கடைப் பையன்களே அப்படித்தான். கெடுக்கணும்னு தொறக்குதவ சாக்பீஸத் தேடிக்கிட்டு இருக்க மாட்டாம்மா."

உமா துணியில் இருந்த தையலைப் பிரிக்கப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை. "அத்தை, கத்திரிக்கோல் எடுத்துட்டு வாங்க" என்று கூப்பிட்டாள். ஆவுடையம்மாள் வந்தாள்.

துடைத்த விவரத்துக்குள் நான் போகவில்லை. ஸ்பிரிட்டும் பஞ்சும் பிரஷும்தான். ஆனால் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். காற்று வெளியேறுகிற செம்புத் தகடுகளின் இடுக்கு முழுக்க அடைத்துக்கிடந்தது. அதைக் குத்தி எடுக்க ஆவுடையம்மாளிடம் ஊசி கேட்டேன். அவள் தானே குத்தி எடுக்கிறேன் என்றாள். உமா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். உள்ளேயிருந்து பஞ்சு வந்தது. வெறும் தூசி இல்லை, நூல் பிசிறு. அரக்கு வந்தது, கிளிப்பச்சை வந்தது, மாம்பழ மஞ்சள் வந்தது. இலத்தூரில் அந்த வருஷம் என்னென்ன கலரில் ரவிக்கை தைத்தார்கள் என்பது மொத்தமும் அதற்குள் இருந்தது.

ஆவுடையம்மாளின் கை நின்றுவிட்டது. "இது எந்துணில்லா. அப்போ சத்தம் வந்ததே என்னாலதானா?"

நெருக்கடி முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த நேரம் அது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால், இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் பொய் சொன்னால் மறுபடியும் அடைக்கும், மறுபடியும் சத்தம் வரும். ஆமாம் என்று மட்டும் சொன்னால் நான் போனபிறகு அது ஒரு ஆயுதமாகிவிடும். என்றைக்காவது ஒரு சண்டையில் எடுத்து வீசுவார்கள்.

"நூல் உங்களோடது. வாங்கின நாள்லயிருந்து ஒருதடவகூடத் தொடைக்காதது உமாவோடது" என்றேன். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல சம்பாதிக்கிய. மேசைய அந்த ஜன்னல் பக்கம் போடுங்க. ஆவணிக்கு ஒருக்க என்னையோ எங்க கடை ஆளையோ கூப்பிட்டுத் தொடச்சுக்கிடுங்க. எண்ணெய மட்டும் தலைக்கு வச்சுக்கிடுங்க."

அதைக் கேட்டு உமா சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை. ஆனால் ஊசியை மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.

மூடியைப் போட்டு, அந்த நீள ஸ்க்ரூவை மாட்டி, லேப்டாப்பைப் போட்டபோது மூன்று மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஃபேன் சுற்றியது. காதை வைத்துக் கேட்டால்தான் கேட்டது. எண்ணெய் வாசனை மட்டும் லேசாக இருந்தது. வாசனை பெங்களூருக்குப் போகாது என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை.

உமா எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. வெளியே நின்றேன். ஆவுடையம்மாளும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கூடத்தில் ஒரு விருந்தாளி குறட்டை விட்டார். அண்ணாச்சி போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தார். அந்த வீட்டில் அவ்வளவு பேர் மூச்சடக்கி நின்றது அந்த லேப்டாப்புக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

உள்ளே இங்கிலீஷில் பேச்சு நடந்தது. வாடிக்கையாளரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. இன்றைக்குச் சுத்தமாகக் கேட்கிறது, அந்த மாவு மில்லை மூடிவிட்டீர்களா என்று கேட்டார். மேலதிகாரி சிரித்தார். இப்படியே இருந்தால் நீ அங்கிருந்தே வேலை பார், உமா, ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது உமா ஒரு பதில் சொன்னாள். அதில் 'மதர் இன் லா' என்ற வார்த்தை வந்தது.

ஆவுடையம்மாள் என் கையைப் பிடித்தாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னப் பத்தித்தான சொல்லுதா? எண்ணெ விட்டதச் சொல்லுதாளா?"

"இல்லக்கா. பெங்களூருக்கு வரவேண்டாம், நீ அங்கன இருந்தே வேல பாருன்னு மேலதிகாரி சொல்லிட்டாரு."

"அது இருக்கட்டும். இவ என்ன சொன்னா?"

"சத்தத்த எங்க மாமியார்தான் நிப்பாட்டினாங்கன்னு சொன்னா."

மழைக்கோட்டு மாட்டி வந்து, முட்டி வலிக்கக் குனிந்து துடைத்த மெக்கானிக்கைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆவுடையம்மாள் என் கையை விட்டாள். பாப்பாவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"மாமியார்னு மட்டுந்தான் சொன்னாளா? பேரு சொல்லலியா?"

"பேரு சொல்லலக்கா."

"பேரையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

வேண்டுமானால் கதவைத் தட்டி உமாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஆவுடையம்மாள் பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உள்ள எம் மருமவ வேல பாக்குதா. சத்தம் போடாதிய" என்றாள்.